ஓடையில் சால்மன் குஞ்சு பார்க்க போலரைஸ்டு கண்ணாடி: வாங்கலாமா, வேண்டாமா?

வாங்கலாம். கொடுத்த காசுக்கு வஞ்சகம் இல்லை. ஆனால் விளம்பரத்தில் காட்டுகிற மாதிரி, மாட்டியதும் ஓடை முழுக்கக் கண்ணாடித் தொட்டி ஆகிவிடாது. லென்ஸ் என்ன நிறம், நீங்கள் எங்கே நிற்கிறீர்கள், அது எந்த மாதம், இந்த மூன்றும் ஒத்து வந்தால்தான் மீன் தெரியும். ஒன்று பிசகினாலும் 200 டாலர் கண்ணாடியும் 20 டாலர் கண்ணாடியும் ஒன்றுதான்.

சியாட்டலுக்குக் கிழக்கே ரெட்மண்ட், இசக்குவா, ரென்டன் பக்கம் இருக்கிற நம் ஆட்களை மனதில் வைத்துத்தான் எழுதுகிறேன். அக்டோபர் வந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு இசக்குவா ஹேட்சரிக்கு, அதாவது மீன்குஞ்சு பொரிக்கும் பண்ணைக்குப் போவோம், முழங்கை நீளச் சால்மன்கள் முட்டி மோதி ஏறுவதைப் பார்ப்போம், நாலு போட்டோ எடுப்போம், அதோடு சால்மன் அடுத்த வருடம்தான். அந்த மீன்களின் குஞ்சுகள், குறிப்பாக கோஹோ இனத்துக் குஞ்சுகள், ஒரு வருடத்துக்கு மேல் இங்கேயே ஓடைகளில் இருக்கின்றன என்பது பாதிப் பேருக்குத் தெரியாது. அபார்ட்மென்ட்டுக்குப் பின்னால், மழைத்தண்ணீர் வடிகால் என்று நினைத்து நாம் திரும்பியும் பார்க்காத, ஒரே தாவில் தாண்டிவிடக்கூடிய ஓடைகளும் அதில் சேர்த்தி. அவற்றைக் கரையிலிருந்தே, காலை நனைக்காமல் பார்க்க வேண்டுமென்றால் இந்தக் கண்ணாடியைவிட உருப்படியான சாமான் வேறு எதுவும் எனக்குத் தட்டுப்படவில்லை.

என்னிடம் இருப்பது பவர் கண்ணாடிக்கு மேலேயே மாட்டிக்கொள்கிற வகை, செம்பு நிற லென்ஸ், 60 டாலருக்குப் பக்கத்தில் ஆனது. கார் ஓட்டுவதற்கென்று வாங்கிய சாம்பல் நிறம் ஒன்று ஏற்கெனவே வீட்டில் இருந்தது. மேகமூட்டத்துக்கு நல்லது என்று சொன்னதால் வெளிர் மஞ்சள் ஒன்றும் மலிவாக எடுத்தேன். பிராண்ட் பெயர் எதையும் போடவில்லை. ஒரே சரக்கு பத்துப் பெயர்களில் ஆன்லைனில் கிடக்கிறது, இந்த வேலைக்குப் பெயரால் பெரிய வித்தியாசமும் இல்லை.

முதலில் இது எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொண்டால் பாதிச் சிக்கல் தீர்ந்தது. வானத்து வெளிச்சம் தண்ணீர்ப் பரப்பில் பட்டுச் சாய்வாகத் திரும்பும்போது பெரும்பாலும் கிடைமட்டமாக அதிர்கிற ஒளியாகத் திரும்புகிறது. கண்ணாடியில் இருக்கும் படலம் அந்தக் கிடைமட்டத்தை மட்டும் நிறுத்திவிடும். தண்ணீருக்கு உள்ளேயிருந்து வருகிற வெளிச்சம் ஓரளவு தப்பித்து வந்து கண்ணில் படும். ஆனால் எல்லாக் கோணத்திலும் இந்த வித்தை நடக்காது. செங்குத்திலிருந்து சுமார் 53 டிகிரி சாய்வாகப் பார்க்கும்போதுதான் பளபளப்பு சுத்தமாகப் போகிறது. கணக்குப் போட்டால், நின்றபடி பார்க்கிறவருக்கு இரண்டு மீட்டர் சொச்சம் தள்ளியுள்ள தண்ணீர். குந்தி உட்கார்ந்தால் ஒரு மீட்டர் சொச்சம். நடைபாலத்தின் கைப்பிடியில் சாய்ந்து நேர் கீழே எட்டிப் பார்த்து "ஒன்றும் தெரியவில்லையே" என்று விற்கும் பக்கத்தில் ஒரு நட்சத்திரம் போட்டிருக்கிறார்களே, அவர்களுடைய தகராறு பெரும்பாலும் இதுதான். நேர் கீழே பார்க்கும்போது எந்தக் கம்பெனிக் கண்ணாடியும் உதவாது. தலையை ஒரு பக்கம் சாய்த்தாலும் பளபளப்பு திரும்பி வந்துவிடும், கழுத்தை நேராக வைத்துக்கொள்ளுங்கள்.

நிற விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: செம்பு அல்லது அம்பர் எனப்படும் தேன் நிறம். சாம்பல் லென்ஸ் கடற்கரைக்கும் கார் ஓட்டுவதற்கும் சரி. வெயில் கண்ணாடியில் மூன்றாம் வகை என்று முத்திரை போட்டிருந்தால் அது 8 முதல் 18 சதவீத வெளிச்சத்தைத்தான் உள்ளே விடும். இங்கே ஓடைக்கரை என்றாலே சிடார் மரம், ஆல்டர் மரம், அடர்ந்த நிழல், பகல் இரண்டு மணிக்கும் மாலை மாதிரி இருக்கும். அங்கே போய் அந்தக் கறுப்பை மாட்டினால் பளபளப்போடு மீனும் போய்விடும். 18 முதல் 43 சதவீதம் விடுகிற இரண்டாம் வகையில் செம்பு நிறம் கிடைத்தால் அதை எடுங்கள். பழுப்புக் கூழாங்கல் மேல் நிற்கிற பழுப்பு மீன் அதில் கொஞ்சம் பிரிந்து தெரிகிறது. மஞ்சளைப் பிப்ரவரி மாதிரி மங்கலான நாளில் மட்டும் எடுக்கிறேன், மற்ற நாளில் அது கூசும்.

சரி, கண்ணாடி வந்துவிட்டது, எங்கே பார்ப்பது? சலசலவென்று கல்லில் அடித்துப் போகிற இடத்தை விடுங்கள். கோஹோ குஞ்சு மடுவில் இருக்கும் ஆள். விழுந்த மரம் ஒன்று குறுக்கே கிடந்து, அதன் அடியில் தண்ணீர் பறித்து ஆழமாக்கிய இடம், கரை அரித்து வேர்கள் தொங்குகிற இடம், அங்கே போய்க் குந்துங்கள். அசையாமல் இருக்க வேண்டும். நீங்கள் வந்ததை அவை பார்த்துவிட்டிருக்கும், திரும்பி வர நாலைந்து நிமிடம் எடுக்கும். முதலில் தெரிவது மீன் அல்ல, அடியில் மணல் மேல் ஆடுகிற ஒரு நிழல். அதிலிருந்து ஒரு சாண் மேலே கண்ணைக் கொண்டுபோனால் விரல் நீளத்துக்கு ஒன்று, நீரோட்டத்தைப் பார்த்தபடி வாலை மட்டும் அசைத்துக்கொண்டு நிற்கும். பக்கவாட்டில் செங்குத்தாக விரல் ரேகை வைத்த மாதிரிக் கரும்பட்டைகள். துடுப்புகளில் ஆரஞ்சு. அடிவயிற்றுக்குப் பின்னால் இருக்கிற துடுப்பைக் கவனியுங்கள், முன் ஓரம் வெள்ளைக் கோடு, அதை ஒட்டியே ஒரு கருங்கோடு, அரிவாள் போல உள்வளைந்த வடிவம். இது தெரிந்தால் கோஹோதான், கட்த்ரோட் ட்ரவுட் என்கிற வேறு இன மீன் இல்லை. வெறுங்கண்ணால் எனக்கு இந்த வெள்ளைக் கோடு ஒருநாளும் தெரிந்ததில்லை. செம்பு லென்ஸில், வெயில் முதுகுப் பக்கம் இருந்தால், இரண்டு மீட்டரிலிருந்தே தெரிகிறது. இந்தக் கண்ணாடிக்கு நான் மதிப்பெண் போடுவது இந்த ஒரு விஷயத்துக்காகத்தான்.

கொஞ்ச நேரம் பார்த்தால் யார் பெரிய ஆள் என்பதும் விளங்கிவிடும். மடுவின் தலைப்பக்கம், ஓட்டம் உள்ளே நுழையும் இடத்தில் பெரிய குஞ்சு நிற்கும், ஏனென்றால் மிதந்து வருகிற பூச்சி முதலில் அங்கேதான் வரும். கண்ணுக்குத் தெரியாத ஏதோ ஒன்றுக்காகச் சட்டென்று மேலே வந்து கவ்விவிட்டு அதே கல்லுக்கு மேல் அதே இடத்தில் போய் நின்றுகொள்ளும். பின்னால் இருக்கிற சின்னது ஒன்று கொஞ்சம் முன்னே வந்தால் போதும், பக்கவாட்டில் திரும்பித் துடுப்பை விரித்து ஒரு மிரட்டல், அடங்காவிட்டால் துரத்தல். சின்னவை எல்லாம் மடுவின் வால்பக்கம் ஓட்டமில்லாத இடத்தில் கும்பலாக மிதக்கும்.

இதைப் பார்க்கிற எவருக்கும் தோன்றுவது, தோற்றவை ஓடையை விட்டுப் போகின்றன, ஜெயித்தவை உட்கார்ந்திருக்கின்றன என்பதுதான். ஆரிகன் ஓடைகளில் ஆராய்ந்த சாப்மன் 1962-இல் ஏறக்குறைய இதைத்தான் எழுதினார், சண்டையில் தள்ளப்பட்ட குஞ்சுகள் கீழ்நோக்கி வெளியேறுகின்றன என்று. பிறகு 2001-இல் காலர், ரோனி, குவின் மூவரும் மேற்கு வாஷிங்டனின் சிறு ஓடைகளில் மீன்களுக்குக் குறியிட்டுக் கோடை முழுக்கப் பின்தொடர்ந்தபோது கதை அவ்வளவு லேசாக இல்லை. இடம் மாறியவை கணிசமாக இருந்தன, கீழே மட்டுமல்ல, ஓட்டத்தை எதிர்த்து மேலே போனவையும் நிறைய. சின்ன, ஆழமில்லாத மடுக்களிலிருந்து கிளம்பியவை அதிகம். அப்படிக் கிளம்பியவை சவலையாகிப் போகவும் இல்லை, வளர்ச்சியில் தங்கினவற்றுக்குக் குறையவில்லை. ஆக, நகர்வது என்றாலே தோல்வி என்று எடுத்துக்கொள்ள முடியாது, நல்ல இடம் தேடிப் போவதாகவும் இருக்கலாம். இங்கேதான் நம் கண்ணாடியின் எல்லை வருகிறது. போன வாரம் பார்த்த அதே மீன்தானா இது என்று எவ்வளவு விலை கொடுத்த லென்ஸாலும் சொல்ல முடியாது. மடுவில் எப்போதும் பத்துப் பன்னிரண்டு இருக்கிறதே, அப்படியென்றால் அதே பன்னிரண்டு பேர் குடியிருக்கிறார்கள் என்று நாம் நினைத்துக்கொள்வோம். உள்ளே ஆள் மாறிக்கொண்டே இருக்கலாம். அதற்குத்தான் ஆய்வாளர்கள் மீனின் வயிற்றுக்குள் 12 மில்லிமீட்டர் மின்குறி ஒன்றை வைத்து, ஓடைக்குக் குறுக்கே ஆன்டெனா கட்டி, யார் எப்போது தாண்டினார் என்று பதிவு செய்கிறார்கள். அது நம் பட்ஜெட்டில் வராது.

கல்வெர்ட் வாய்களை மறக்காமல் பாருங்கள். சாலைக்கு அடியில் குழாய் வழியே வருகிற ஓடை வெளியே விழுகிற இடத்தில் தண்ணீர் பறித்து ஒரு மடு உண்டாகியிருக்கும், கோடையில் அதற்குள் குஞ்சுகள் நெருக்கியடித்துக்கொண்டு இருக்கும். மேலே ஏறத்தான் வழியில்லை. பெரிய சால்மன் ஒரு முழம் தாவிவிடும், விரல் நீளக் குஞ்சுக்கு ஒரு சாண் வீழ்ச்சியே மதில் சுவர். மேலே போகிற குஞ்சுகள் நிறைய என்று சொன்னேனே, அதோடு சேர்த்துப் பாருங்கள். பழங்குடி இனங்கள் தொடுத்த வழக்கில் இந்தக் கல்வெர்ட்களைச் சரிசெய்ய வேண்டும் என்று வாஷிங்டன் மாநிலத்துக்குக் கூட்டாட்சி நீதிமன்றம் 2013-இல் உத்தரவிட்டது, மாநிலம் உச்ச நீதிமன்றம் வரை போய் 2018-இல் நீதிபதிகள் 4-4 என்று சமமாகப் பிரிந்ததால் உத்தரவு அப்படியே நின்றது. நெடுஞ்சாலையில் மாதக்கணக்காக ஒரு பாதையை மூடி எதையோ தோண்டுகிறார்களே என்று நாம் திட்டுகிற வேலைகளில் சில இதுதான்.

மாதக்கணக்கு இனி. மார்ச்சிலிருந்து மே வரை கோஹோக் குஞ்சுகள் சரளைக்குள்ளிருந்து வெளியே வரும், அப்போது தீக்குச்சி நீளம்கூட இருக்காது, கரையோர ஆழமில்லாத தண்ணீரில் புல் நிழலில் தேடுங்கள். ஜூன் முதல் செப்டம்பர் வரை கண்ணாடிக்கு உச்சப் பருவம், தண்ணீர் தெளிந்து வற்றி மடுக்கள் தனித்தனியாகத் தெரியும். ஆகஸ்ட் வெயிலில் திறந்தவெளி மடு வெறிச்சோடிக் கிடந்தால் கண்ணாடியைக் குறை சொல்ல வேண்டாம், தண்ணீரில் கையை வைத்துப் பாருங்கள். மீனுக்கு முக்கியமான கோடை வாழிடங்களில் தண்ணீரின் உச்சச் சூடு 16 டிகிரி செல்சியஸைத் தாண்டக்கூடாது என்பது இந்த மாநிலத்தின் விதி. அது தாண்டுகிற இடத்திலிருந்து அவை ஊற்று கசிகிற குளிர்ந்த மூலைக்கோ நிழலுக்கோ போயிருக்கும்.

இலையுதிர்காலத்து முதல் பெருமழையோடு எல்லாம் மாறும். ஓடை கலங்கிச் செம்மண் நிறமாகிவிடும், கண்ணாடியால் ஒன்றும் செய்ய முடியாது. சாலையிலிருந்து டயர்த் தூசும் சேர்ந்து வந்து விழும், அதிலுள்ள ஒரு வேதிப்பொருள்தான் நகர ஓடைகளில் கோஹோவைச் சில மணி நேரத்தில் கொல்கிறது என்று 2020-இல் கண்டுபிடித்தார்கள். அந்த மழைவெள்ளத்தோடுதான் குஞ்சுகள் கோடை மடுக்களை விட்டுக் கிளம்பும். ஒலிம்பிக் தீபகற்பத்தின் கிளியர்வாட்டர் ஆற்றில் குறியிட்ட மீன்களைப் பார்த்து பீட்டர்சன் 1982-இல் எழுதியது இது: கோடையில் ஓரிடத்தில் வளர்ந்த குஞ்சுகள் ஆற்றோடு இறங்கி, கரையோரக் குட்டைகளுக்குள் குளிர்காலத்துக்கு நுழைகின்றன, சில 30 கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்து. பீவர் என்கிற விலங்கு அணை கட்டி உண்டாக்கிய குளம், சதுப்பு, ஓட்டமில்லாத பக்கக் கால்வாய் எல்லாம் அவற்றுக்கு வெள்ளத்திலிருந்து ஒதுங்குகிற இடம். ஓடையிலேயே தங்குபவையும் தண்ணீர் நன்றாகக் குளிர்ந்ததும் பகலில் மரத்தடிக்கும் கல்லிடுக்குக்கும் போய் ஒளிந்துகொண்டு இரவில்தான் வெளியே வரும். ராத்திரியில் வெயில் கண்ணாடி எதற்கு? நவம்பரிலிருந்து ஜனவரி வரை பெட்டிக்குள் வையுங்கள். ஒருவேளை குட்டையோரம் போய்ப் பார்க்கலாம், ஓட்டமில்லாததால் கலங்கல் சீக்கிரம் தெளிந்துவிடும், ஆனால் பெரிதாக எதிர்பார்க்க வேண்டாம்.

பிப்ரவரியில் மறுபடி எடுக்கலாம், அதுவும் ரென்டனில். வாஷிங்டன் ஏரியின் தென்கோடியில் இருக்கும் ஜீன் கூலன் பூங்காவுக்குள் ஜான்ஸ் கிரீக் என்று ஒரு சின்ன ஓடை வந்து அந்த ஏரியில் சேர்கிறது. பார்த்தால் ஒன்றுமே இருக்காது. ஆனால் சீடர் ஆற்றில் பிறந்த ஷினூக் என்கிற இன்னொரு சால்மன் இனத்துக் குஞ்சுகள், ஏரிக்கு வந்தபின், கரையோரமாகவே வந்து இந்த ஓடைக்குள் திரும்பி நுழைந்து வசந்தம் வரை மேய்கின்றன. அவற்றின் தாய்மீன் இங்கே முட்டை போடவில்லை, பிறந்த ஊர் வேறு. ஆழமில்லாத மணல்தரை, மெல்லிய ஓட்டம், சின்ன மீனைத் தின்ன வரும் பெரிய மீன்கள் குறைவு, அதனால் வருகின்றன. கண்ணாடிக்கு இது நல்ல சோதனை. வானம் முழுக்கச் சாம்பல், தண்ணீரில் எங்கு பார்த்தாலும் வெள்ளைப் பூச்சு, வெறுங்கண்ணுக்கு ஓடை ஒரு தகரம். மஞ்சள் லென்ஸை மாட்டி, குந்தி, ஒரு மீட்டர் தள்ளிப் பார்த்தால் மணல் மேல் சாம்பல் ஊசிகளாக ஐந்தாறு தெரிகின்றன. கூட வந்தவரிடம் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்தால்தான் நம்புகிறார்.

கண்ணாடிக்குப் பதில் வேறு வழிகளும் சொல்வார்கள். அடியில் கண்ணாடி வைத்த வாளி தெளிவாகக் காட்டும், ஆனால் தண்ணீருக்குள் இறங்க வேண்டும். இலையுதிர்காலத்திலிருந்து வசந்தம் வரை சரளைக்குள் முட்டையும் குஞ்சும் இருக்கும், மிதித்தால் போச்சு. போதாக்குறைக்கு பியூஜெட் சவுண்ட் என்கிற நம் உள்கடல் பகுதியின் ஷினூக் 1999-லிருந்தும், கடலுக்குப் போய்வருகிற ட்ரவுட் வகையான ஸ்டீல்ஹெட் 2007-லிருந்தும் சட்டப் பாதுகாப்பில் இருப்பவை, பிள்ளைகளிடம் வலை கொடுத்து இறக்கிவிடுகிற பழக்கமெல்லாம் வேண்டாம். கம்பில் கட்டிய சின்ன நீர்க்கேமரா நல்ல யோசனை, ஒரு கல்லோரம் வைத்துவிட்டு ஒதுங்கினால் மீன்கள் பழகிவிடும், ஆனால் அதை வீட்டுக்குப் போய்த்தான் பார்ப்பீர்கள். எனக்கு அந்த நேரத்திலேயே பார்க்க வேண்டும்.

குறைகள்: பவர் கண்ணாடிக்கு மேல் மாட்டுகிற வகை முகத்தில் பாதியை அடைத்துக்கொள்ளும், அழகெல்லாம் எதிர்பார்க்காதீர்கள். குனிந்தால் மூக்கில் வழுக்கும், பின்கழுத்துக் கயிறு தனியாக வாங்க வேண்டியிருந்தது. ஈரக்காற்றில் இரண்டு கண்ணாடிக்கும் நடுவில் ஆவி படியும். போன் திரையைக் குறுக்காகப் பிடித்தால் சில போன்களில் திரை கறுத்துவிடும், பழுதாகிவிட்டதோ என்று பதற வேண்டாம். கடையில் வாங்கும்போது அசல் போலரைஸ்டுதானா என்று பார்க்கவும் இதுவே வழி: இரண்டு ஜோடிகளை ஒன்றின் மேல் ஒன்று வைத்து ஒன்றைக் கால்வட்டம் திருப்பினால் இருட்டாக வேண்டும். ஆகவில்லையென்றால் வெறும் சாயக் கண்ணாடி. பவரோடு சேர்த்தே போலரைஸ்டு லென்ஸ் போட்டுத் தருகிறோம் என்று கண்ணாடிக்கடைகளில் சொல்வார்கள், நான் கேட்ட இடத்தில் 300 டாலருக்கு மேல், அதுவும் சாம்பல் மட்டும்தான் கையிருப்பு என்றார்கள். செம்புக்கு ஆர்டர் போட வேண்டுமாம்.

துடைக்கும்போது கவனம். ஓடைக்கரை மணல் லென்ஸில் ஒட்டியிருக்கும், சட்டை நுனியால் தேய்த்தால் மேல்பூச்சு கோடுகோடாகப் போய்விடும். முதலில் தண்ணீரில் அலசிவிட்டு, பிறகு கூட வந்த துணியால் ஒற்றி எடுங்கள். நான் வாங்கிய கடையின் வாரண்டியில் பிரேம் முறிந்தால் மட்டும்தான் மாற்றித் தருவார்கள், கீறலுக்குக் கிடையாது. இந்த விவரம் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளில் பொடி எழுத்தில் இருந்தது, விற்கும் பக்கத்தில் இல்லை. உங்களுடையதில் எப்படி என்று வாங்குவதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.